ஆஃப் படத்தில் இருந்தது

எந்த நாளில் இது தொடங்கியது என்று கேட்டால் சசிரேகாவால் உறுதியாகச் சொல்ல முடியாது. தொழிற்சாலை கேட்டில் செல்வலட்சுமி ஜோதியின் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டிவிட்டுச் சிரித்த அந்தக் காலை ஒரு செவ்வாய்க்கிழமை என்றுதான் அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதே காலையில் ஜோதியின் கூந்தல் நுனியிலிருந்து சொட்டிய நீர் கம்பெனி பஸ்ஸின் சீட்டை நனைத்ததும் நினைவில் இருக்கிறது. ஜோதி தலைக்குக் குளிப்பது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். இரண்டு நாள்களைத் தான் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு.

அது காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி. கொரோனா சமயத்தில் வாங்கியது. அந்தக் காலம் போய்ப் பல வருடம் ஆகியும் அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் செக்யூரிட்டி வேலை பார்க்கும் செல்வலட்சுமி தினமும் ஒவ்வொரு நெற்றிக்கு நேரேயும் அதை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"முப்பத்தி நாலு புள்ளி ஒண்ணு," என்றாள் செல்வலட்சுமி. "இன்னா ஜோதி, ஐஸ் பெட்டியில இருந்து எழுந்து வந்துகினு கீறியா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜோதியும் சிரித்தாள். பேட்டரி போயிருக்கும் என்று சசிரேகா சொன்னாள். செல்வலட்சுமி அடுத்து அவள் நெற்றிக்கு நேரே பிடித்தாள். முப்பத்தாறு புள்ளி ஆறு. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

அக்காவுக்கும் தங்கைக்கும் பதினொரு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு ஜோதிக்கு இருந்தது சசிரேகா மட்டும்தான், சசிரேகாவுக்கும் ஜோதி மட்டும்தான். மண்ணூரில் ஒற்றை அறை வீடு. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு அசெம்பிளி லைனில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கி வந்த தங்கையைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரகடத்தில் தான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்துக்கே அவளைக் கூட்டிக்கொள்ளும்படி அதிகாரி ஆறுமுகநயினாரிடம் ஒரு மாதம் மன்றாடியவள் சசிரேகா. உட்கார்ந்து பார்க்கும் வேலை, ஏசி அறை, தூசி கிடையாது. அந்தக் காலையின்போது அவள் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. வெளியே ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வெயிலில் வெந்துகொண்டு நிற்கிற உச்சிவேளையிலும் உள்ளே இருட்டுதான். சுவர்களுக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். சாயத்தைக் கரைக்கும் அசிட்டோனின் இனிப்பான, மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற வாசனையும், ஏசியின் ஓயாத முனகலும், குளிர்ந்த இரும்பின் நெடியும் எப்போதும் இருக்கும். சுவரில் ஒரு வெப்பமானி பச்சை எழுத்தில் இருபத்திரண்டு என்று காட்டும். ஒரு பாகை கூடினாலும் குறைந்தாலும் மணி அடிக்கும்.

அங்கே நடந்தது, தொடாமல் சூடு பார்க்கிற வேலை. கார்களுக்குள் போகும் சிப்புகளில் தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் உண்டு. அவற்றில் எந்த இடம் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவு சிறிய இடத்தில் எதை வைத்துத் தொட்டாலும், தொடுகிற பொருளே அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அதனால் சிப்பின் மேல் ஒரு சாயத்தைப் படலமாகப் பூசுவார்கள். புற ஊதா விளக்கின் கீழ் அந்தச் சாயம் சிவப்பாக ஒளிரும். சூடு ஏற ஏறச் சிவப்பு மங்கும். குளிர்ந்த இடம் பளிச்சென்று இருக்கும், சுடுகிற இடம் கறுத்துத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பொருத்திய காமிரா அந்த மங்கலை அளந்து எத்தனை பாகை என்று சொல்லிவிடும்.

ஒவ்வொரு சிப்புக்கும் இரண்டு படம். மின்சாரம் கொடுக்காமல் எடுப்பதை ஆஃப் படம் என்பார்கள், கொடுத்து எடுப்பதை ஆன் படம் என்பார்கள். கம்ப்யூட்டர் ஒன்றை மற்றொன்றால் வகுத்து விடையை மட்டும் திரையில் காட்டும். சாயம் எங்காவது திட்டுத்திட்டாக இருந்தால் அது இரண்டு படத்திலும் இருக்கும், வகுத்தால் காணாமல் போகும். அதனால் ஆஃப் படத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. முடிந்த சிப்புகளில் ஐம்பதுக்கு ஒன்றைத் தட்டில் அடுக்கிப் பீரோவில் பூட்டுவார்கள். மீதி எல்லாவற்றையும் சசிரேகா அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துக் கழிவு டப்பாவில் போடுவாள்.

பூசுவது ஜோதியின் வேலை. பூசிய படலம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. ஆனால் ஒரு சிப்புக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். சசிரேகா தன் தொடக்க நாள்களிலேயே அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் செய்வதுபோல, சிப்பின் மேல் வாயைக் குவித்து "ஹா" என்று ஒருமுறை ஊதினால் போதும். மூச்சின் ஈரம் சமமாகப் படிந்து சமமாக மறைந்தால் படலம் நல்லது. சசிரேகா எப்போதாவது அவசரத்துக்குத்தான் அப்படிச் செய்தாள். வந்த முதல் நாளே தங்கைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தாள். ஜோதி கெட்டிக்காரி. ஒன்று விடாமல் ஊதினாள். நாளைக்கு அறுபது.

வீட்டில் இரவு சோற்றுத் தட்டை வாங்கும்போது ஜோதியின் விரல் பட்டால் சசிரேகாவுக்குச் சிலிர்த்தது. ஏசியிலேயே இருப்பதால் என்று நினைத்தாள். பிறகு ஒரு ஞாயிறு மதியம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை தகித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜோதி போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். தைராய்டு பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அடுத்த மாதம் முப்பத்து மூன்று புள்ளி எட்டு. செல்வலட்சுமி இப்போது கிண்டல் செய்வதில்லை. எண்ணைச் சொல்லாமலே கையை அசைத்து உள்ளே விட்டாள். சசிரேகா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்வாள். ஒவ்வொரு வாரமும் ஒரு புள்ளி. சில வாரம் இரண்டு. இவள் கையைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தாள்.

ஒரு புதன்கிழமை கம்ப்யூட்டர் வகுக்க மறுத்தது. புது சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள், எங்கோ தகராறு. ஆன் படத்துக்கு வழி இல்லாமல் திரையில் ஆஃப் படம் மட்டும், வகுக்காமல், நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து சசிரேகா முதன்முறையாக அதைப் பார்த்தாள்.

சமமான சிவப்பு. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

ஒரு முடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். முப்பத்தாறு புள்ளி எட்டு என்று காட்டியது. சிப்பில் மின்சாரம் இல்லை. கம்பியே இன்னும் பொருத்தவில்லை. சுற்றிலும் இருபத்திரண்டு.

ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக இங்கே இருந்தும் பேச்சு மாறாதவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சாயம் வெளுத்திருக்கும்மா. விளக்கு ஒரே எடத்துல பட்டா வெளுக்கும்லா? அது சூடு இல்ல. ரெண்டு படத்துலயும் இருக்கதுதான, வகுத்தா போயிரும்."

"சார், கரெக்டா முப்பத்தாறு எட்டு காட்டுது."

"எதையாவது காட்டத்தான செய்யும். வெள்ளிக்கெழம ஆடிட் வருது. அதுக்குள்ள வகுக்க வச்சிரு, தாயி."

அவர் போன பிறகு அவள் பழைய ஆஃப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நேற்று எடுத்ததில் புள்ளி இருந்தது. போன வாரத்தில் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் எடுத்ததில் இருந்தது. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் முப்பத்தாறு புள்ளி எட்டு. பின்னால், இன்னும் பின்னால் போனாள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை வரை இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமையில் இல்லை. அதற்கு முன் திறந்த எதிலும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை ஜோதி வேலைக்குச் சேர்ந்த நாள்.

அவள் மறுபடி நேரடிக் காட்சிக்கு வந்தாள். கை வைத்திருந்த மவுஸ் ஈரமாக இருந்தது. புள்ளி அசையாமல் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். உற்றுப் பார்க்கப் பார்க்க அது மெல்லப் பெரிதாகி, மெல்லச் சிறிதானது. மறுபடி பெரிதானது. விளக்கு மின்னுகிறதோ என்று பார்த்தாள். இல்லை, விளக்கு சீராகத்தான் எரிந்தது. அவள் எண்ணத் தொடங்கினாள். நிமிடத்துக்குப் பதினாறு.

அறையின் மறுகோடியில், ஊதா விளக்கின் வட்டத்துக்குள், ஜோதி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்கள் ஏறின. இறங்கின. சசிரேகா திரையைப் பார்த்தாள், தோள்களைப் பார்த்தாள். திரை. தோள். ஜோதி ஒரு சிப்பை இடுக்கியில் எடுத்துப் பூசுவதற்காக மூச்சைப் பிடித்தாள்.

புள்ளி நின்றது.

பூசி முடித்து ஜோதி மூச்சை விட்டாள். புள்ளி சுருங்கியது.

பிறகு வாயைக் குவித்தாள். "ஹா."

அன்று மதியம் சசிரேகா சாப்பிடவில்லை. கேன்டீனில் தங்கை ஆவி பறக்கும் சாம்பாரில் விரல்களை முழுக்க விட்டு, சுடுவது தெரியாமல் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனிமேல் ஊதாதே என்று சொன்னாள். ஏன் என்று ஜோதி கேட்கவில்லை. சரிக்கா என்றாள். அவள் எதற்குமே ஏன் என்று கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அது இவளிடமிருந்து உறிஞ்சுகிறது. சசிரேகாவின் மனம் இந்த ஒரு வரியில் வந்து நின்றது, அதைத் தாண்டி நகரவில்லை. ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அளவில், பீரோவுக்குள் பதினொரு தட்டில், தட்டுக்கு இருபதாக உட்கார்ந்துகொண்டு தன் தங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. அட்டையைப் பிடுங்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் விட்டுவிடும். ஆடிட்டுக்காகப் பீரோவை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லி ஆறுமுகநயினாரிடம் சாவி வாங்கினாள்.

பீரோவின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். இருபத்திரண்டு பாகை அறையில், கதவு ஒரு பிள்ளையின் முதுகுபோல இளஞ்சூடாக இருந்தது.

முதல் சிப்பை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். புள்ளி இருந்தது. ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சை அசிட்டோனில் நனைத்து ஒரே இழுப்பாகத் துடைத்தாள். புள்ளி விளிம்புவரை விலகிப் போய், அங்கே ஒரு கணம் நின்று, இல்லாமல் போனது. அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியில்.

"அக்கா, ஏசிய கூட்னியா?" என்றாள் ஜோதி.

"இல்லடி."

ஒரு தட்டு முடிந்தது. இரண்டு. அவள் இப்போது ஒவ்வொன்றையும் பார்ப்பதற்கு நிற்கவில்லை. எடுப்பது, துடைப்பது, வைப்பது. கை பழகிய வேலை, எட்டு மாதமாகத் தினமும் ஐம்பது அறுபது துடைத்த கை. அசிட்டோன் விரல்களை மரக்க வைத்தது. நான்காவது தட்டின்போது ஜோதி குளிருது என்று சொன்னாள், சசிரேகா தன் துப்பட்டாவைக் கொண்டுபோய் அவள் தோளில் போர்த்தி, இன்னும் கொஞ்ச நேரம்தான், சரியாகிவிடும் என்றாள். ஏழாவது தட்டின்போது ஜோதியின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அறை முழுக்க அந்தச் சத்தம், சின்ன ஆணிகளைத் தகரத்தில் கொட்டுவதுபோல. போகிற காய்ச்சல் ஒருமுறை உலுக்கிவிட்டுத்தானே போகும் என்று சசிரேகா தனக்குள் சொல்லிக்கொண்டு வேகமாகத் துடைத்தாள்.

ஒன்பதாவது தட்டில் அந்தச் சத்தம் நின்றது.

நல்லது என்று நினைத்தாள்.

பத்து. பதினொன்று.

பதினொன்றில் கடைசிக்கு முந்தைய சிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அறை மிகவும் அமைதியாக இருப்பது அவளுக்கு உறைத்தது. ஏசியின் முனகல் இருந்தது. அவள் மூச்சு இருந்தது. வேறு மூச்சு இல்லை.

திரும்பிப் பார்த்தாள்.

ஜோதி ஊதா விளக்கின் கீழ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மேஜைமேல். பூசுகிறவர்களின் விரல்களில் எப்போதும் சாயம் ஒட்டியிருக்கும். ஆனால் உயிருள்ள கை சுடும், அதனால் விரல்களில் சாயம் மங்கலாக, காய்ந்த ரத்தம்போலத்தான் தெரியும். கண்ணாடித் தகட்டில் சிந்தியது மட்டும் பளிச்சென்று ஒளிரும்.

ஜோதியின் விரல்கள் ஒளிர்ந்தன.

கண்ணாடி அளவுக்கு. மேஜை அளவுக்கு. நகம், மூட்டு, மணிக்கட்டு வரை. சாயம் தெறித்த கன்னத்திலும் இரண்டு புள்ளி. அவையும்.

சசிரேகா எழுந்து போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள். இழுத்து வந்தாள். சுட்டுவிரலை லென்ஸின் கீழ் வைத்தாள். ஜோதி விட்டுக்கொடுத்தாள். திரையில் விரல் ரேகைகள், வாய்க்கால் வாய்க்காலாக, எரிகிற சிவப்பில். அம்புக்குறியை வைத்தாள்.

இருபத்திரண்டு.

வேறிடம். இருபத்திரண்டு.

சுவரில் பச்சை எழுத்து. இருபத்திரண்டு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவை எதையும் குடிக்கவில்லை. ஊதிய மூச்சோடு போய் அங்கே தங்கியிருந்தது ஜோதிதான். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பதாகத் தினமும் துடைத்து எறிந்ததும் சசிரேகாதான். மீதியிருந்தது பீரோவில் இருந்தது.

தட்டில் ஒன்று பாக்கி.

அதை லென்ஸின் கீழ் வைத்தாள். புள்ளி இருந்தது. முப்பத்தாறு புள்ளி எட்டு. ஏறியது, இறங்கியது. உலகத்தில் அவள் தங்கை இருந்தது அந்த இடத்தில், ஒரு முடியின் பத்தில் ஒரு பங்கு அகலத்தில். அதை எப்படித் திருப்பி எடுப்பது. தொட்டால் தொடுகிறதே குடித்துவிடும். முகர்ந்து உள்ளே இழுக்கச் சொல்லலாமா. நாக்கில் வைக்கச் சொல்லலாமா. யாரிடம் கேட்பது. அவள் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், அது அணைந்துவிடக் கூடாதென்று தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு.

பக்கத்தில் அசிட்டோன் வாசனை கூடியது.

"ஒண்ணே ஒண்ண வுட்டுட்டியேக்கா," என்றாள் ஜோதி.

திரைக்குள் ஒரு வெண்பஞ்சு வந்தது. மலையளவு பஞ்சு. இடமிருந்து வலமாக, நிதானமாக, நன்றாகப் பழகிய கையால் இழுக்கப்பட்டுப் போனது.

அதற்குப் பின் ஒன்றுமே இல்லை.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. பீரோ சுத்தமாக இருந்ததை எழுதிப் பாராட்டினார்கள். ஆறுமுகநயினாருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது, குடும்பத்தோடு போய்விட்டார். செல்வலட்சுமி ஒருநாள் துப்பாக்கியைச் செக்யூரிட்டி அறை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள், காரணம் சொல்லவில்லை. அந்த அறையில் இப்போது வேறு இருவர் வேலை செய்கிறார்கள். ஜோதி அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். லீவு எடுப்பதில்லை, சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். சசிரேகா வேலையை விட்டுவிட்டு மண்ணூர் வீட்டில் இருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஜோதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மார்கழியில் ஒரே பாயில் படுக்க முடியாமல் சசிரேகா வாசற்படியில் உட்கார்ந்தே விடியவைத்தாள். சித்திரை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோதி மதியம் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறுகிறாள். சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல், இரண்டு கைகளையும் அகட்டி, கண்ணை இமைக்காமல் சூரியனைப் பார்த்து நிற்கிறாள். வியர்ப்பதில்லை. கீழே உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஒவ்வொரு காலடியாகக் கேட்கும்படி இரண்டரை மணிக்கு இறங்கி வருகிறாள். வந்து பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொள்கிறாள். கைகள் சூடாகத்தான் இருக்கின்றன. மார்பு சூடாக இருக்கிறது, அதில் எதுவும் அசையவில்லை.

"அக்கா, இப்ப சரியா கீதா?" என்று கேட்கிறாள்.

சரியாக இருக்கிறது என்று சசிரேகா சொல்கிறாள். பொழுது சாயச் சாய, அந்தக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றியபடியே ஆறிக்கொண்டு வருகின்றன.